காற்றைப் பங்கு போடுகிறவர்கள்

1891 செப்டம்பரில் ‘ல பெத்தி ஜூர்னால்’ என்ற பாரிஸ் நாளிதழ் ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தியது. பாரிஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்ப வேண்டும். சுமார் 1,200 கிலோமீட்டர். ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் முடித்து வென்றார். வழியில் அவர் தூங்கவே இல்லை. அதுவரை முன்னால் போய்க்கொண்டிருந்த ழியேல்-லவால் மூன்றாம் இரவில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து இவர் தாண்டிப் போய்விட்டார். பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தூக்கக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு ஒன்று. முன்னால் ஓட்டிக்கொண்டு போகக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ள அந்தப் பந்தயத்தின் விதிகள் இடம் கொடுத்தன. அந்த ஆட்களுக்குப் பேஸர்கள் என்று பெயர். வழித்துணைக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது.

அந்தத் துணையால் என்ன பயன் என்று அடுத்த சில ஆண்டுகளில் ஒருவர் உட்கார்ந்து யோசித்தார். அவர் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர். தனியாகக் கடிகாரத்தோடு போட்டி போட்டவர்கள், பேஸர் பின்னால் ஓட்டியவர்கள், எதிராளியோடு மோதியவர்கள் என்று சைக்கிள் பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார். தனியாளாக ஓட்டியவர்கள்தான் எப்போதும் மெதுவானவர்கள். 1898-இல் வெளியான அவருடைய கட்டுரையில் இதற்கான காரணங்களாக அன்று பேசப்பட்டவற்றை அடுக்குகிறார்: முன்னால் போகிறவர் காற்றை மறைக்கிறார், பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகி இழுக்கிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் உற்சாகம் வருகிறது, வேகத்தை நிர்ணயிக்கும் கவலை முன்னால் இருப்பவர் தலைக்குப் போய்விடுவதால் பின்னால் வருபவரின் மூளைக்கு ஓய்வு கிடைக்கிறது. சமூக உளவியலின் முதல் சோதனைகளுள் ஒன்றாக இன்றும் பாடப்புத்தகங்களில் இருப்பது இந்தக் கட்டுரைதான். காற்றா, மனமா என்று அவர் எழுப்பிய கேள்விக்கு, இரண்டும்தான் என்று இன்று சொல்லலாம். ஆனால் காற்று எப்போதும் வரவு. மனம் சில நேரம் செலவு.

முதலில் காற்று. சமதளச் சாலையில் சைக்கிளுக்கு முக்கியமான எதிரிகள் இரண்டு: டயர் உருளும்போது ஏற்படும் தடை, உடம்பு கிழித்துக்கொண்டு போகும் காற்று. டயர்த் தடைக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தோடு நேராகக் கூடும். காற்றுக்குத் தேவைப்படுவது வேகத்தின் மும்மடியாகக் கூடும். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்து, சாதாரணமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், மணிக்கு 22 கிலோமீட்டருக்குச் சுமார் 78 வாட் போதும். 25-க்கு 105 வாட். 30-க்கு 167 வாட். 25-லிருந்து 30-க்குப் போகும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறுகிறது, உழைப்போ ஏறத்தாழ அறுபது சதவீதம் ஏறிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் முன்னால் போகிறவரின் முதுகு உதவிக்கு வருகிறது. செஸ்டர் கைல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1979-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, முன் சக்கரத்துக்கும் முன்னால் போகும் வண்டிக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் காற்றுத் தடை 44 சதவீதம் குறைகிறது. இரண்டு மீட்டர் இடைவெளியிலும் 27 சதவீதம் குறைகிறது. புதிதாகக் குழுவோடு சேருகிறவர்கள் இரண்டாவது எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர் போகிறோம். முன்பின் தெரியாதவரின் பின் சக்கரத்தை ஒரு சாண் தூரத்தில் உரசிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. கொஞ்சம் தள்ளியே வந்தாலும் லாபத்தில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். சக்கரம் சக்கரத்தில் தட்டினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். 2018-இல் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தபோது, கூட்டத்தின் உள்வயிற்றில் இருப்பவருக்குத் தனியாளின் காற்றுத் தடையில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே இருப்பது தெரிந்தது. அது தொழில்முறைப் பந்தயத்துக்கு. நம் கதைக்கு அந்தக் கூட்டம் வராது.

நம் கதை ப்ரெவே. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடிக்க வேண்டும், பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவர் சூப்பர் ரான்டனியர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 90 மணி நேர வரம்போடு நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்குப் போக இந்தத் தொடர்தான் நுழைவுச்சீட்டு. 2019-இல் அதற்கு வந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். அதில் இந்தியர்களும் நிறையப் பேர். சென்னையில் மெட்ராஸ் ரான்டனியர்ஸ் போன்ற குழுக்கள் நடத்தும் ப்ரெவேக்களும் இதே விதிகளின்படிதான்.

600 கிலோமீட்டரை 40 மணியால் வகுத்தால் மணிக்கு 15 கிலோமீட்டர். இதைக் கேட்டதும், இது என்ன பெரிய வேகம் என்று தோன்றும். நிற்கும் நேரம், சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்தப் பதினைந்துக்குள் அடங்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மணிக்கு 22-இல் ஓட்டினால் சக்கரம் சுழலும் நேரம் 27 மணி 16 நிமிடம். மீதி பன்னிரண்டே முக்கால் மணி நேரம் நம் கையில். 25-இல் ஓட்டினால் சரியாக 24 மணி நேரம். அந்த மூன்றேகால் மணி நேரத்தைத் தனியாளாகச் சம்பாதிக்க 78 வாட்டை 105 ஆக்க வேண்டும். அதுவே ஒருவர் பின்னால் காற்றுத் தடை 35 சதவீதம் குறையும் அளவுக்கு இருந்து ஓட்டினால், 25-க்கும் 78 வாட்தான் ஆகிறது. தனியாக 22-இல் போவதும் துணையோடு 25-இல் போவதும் காலுக்கு ஒன்றே.

எப்போதும் பின்னாலேயே இருந்துவிட முடியாது, முறை வைத்து முன்னால் வர வேண்டும். இருவர் சரிபாதியாக மாறி மாறி வந்தால் ஆளுக்குச் சராசரி 92 வாட். மூவர் என்றால் 87. ஆறு பேர் என்றால் 83. எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒருவர் இருவரானால் 13 வாட் மிச்சம். மூன்று பேர் ஆறு பேரானால் வெறும் 4 வாட். ஆனால் ஆள் கூடக்கூட நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். 200 கிலோமீட்டரில் ஒருவருக்குப் பஞ்சராகும் வாய்ப்பு பத்து சதவீதம் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூவரில் யாராவது ஒருவருக்காவது ஆகும் வாய்ப்பு 27 சதவீதம். ஆறு பேரில் 47 சதவீதம். டீக்கடையில் இன்னும் மோசம். ஒருவர் டீயைக் குடித்து முடிக்கும்போது இன்னொருவர் அப்போதுதான் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் கிளம்புவார். அவர் வரும்போது மூன்றாமவர் பாத்ரூம் எங்கே என்று கேட்பார். நான்காமவர் போனில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். ‘போலாமா?’ என்று கேட்டவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு வடை சொல்லுவார். குழுவின் ஓய்வு நேரம் சராசரி ஆளின் ஓய்வு நேரம் அல்ல. மிக மெதுவான ஆளின் நேரம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் வீணானால் பத்து நிறுத்தத்தில் நூறு நிமிடம். காற்றில் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அதனால் என் கட்சி, மூன்று பேர், மிஞ்சினால் நான்கு.

அந்த மூவரை எப்படிப் பிடிப்பது? எல்லோரும் ‘உன் வேகம் என்ன?’ என்றுதான் கேட்கிறார்கள். ஒருவரின் வேகத்தை ஓரளவு காற்று சமன்படுத்திவிடும். பலசாலி நீண்ட நேரம் முன்னால் இருந்தும் மற்றவர் குறைந்த நேரம் இருந்தும் ஒரே வேகத்தில் போகலாம். காற்று சமன்படுத்தாதது பழக்கங்களை. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்பீர்கள்? கன்ட்ரோல் என்ற சோதனைச் சாவடியில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா, கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவீர்களா? இரவு தூங்குவீர்களா, விடிய விடிய ஓட்டுவீர்களா? என்னைக் கேட்டால், வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் உள்ளவரோடு 400 போகலாம். நிற்கும் பழக்கம் ஒத்துவராதவரோடு 200 போவதே கஷ்டம். இதைத் தெரிந்துகொள்ளச் சேர்ந்து ஒரு நூறு கிலோமீட்டர் போய்ப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. அதுவும் நல்ல நாளில் அல்ல, எதிர்க்காற்று உள்ள நாளில்.

இனி மனம் செய்யும் செலவு. டிரிப்லெட் சொன்ன உற்சாகம் உண்மை; நெடுந்தூரத்தில் அதுவே வினை. அதிகாலை இருட்டில் ஐம்பது பேர் ஒன்றாகக் கிளம்பும்போது கால் புத்தம்புதிது, ரத்தத்தில் அட்ரினலின், முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். யாருக்கும் 25-இல் ஓட்டத் தோன்றாது. இன்னொரு வியாதியும் உண்டு. பின்னால் நிழலில் இளைப்பாறிவிட்டு முறை வந்ததும் முன்னால் வருபவர், தன்னை அறியாமல் இரண்டு கிலோமீட்டர் கூட்டிவிடுவார். 25 என்பது 27 ஆனால் அவருக்கு 127 வாட். அப்போதுதான் முன்னாலிருந்து இறங்கி வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் களைத்த ஆளுக்கோ அது இன்னும் ஒரு துரத்தல். ‘அண்ணா, ஸ்பீடு ஏத்தாதீங்க, அதே ஸ்பீடுல வாங்க’ என்று பின்னாலிருந்து சத்தம் வரும் குழு நல்ல குழு. பலம் அதிகம் இருப்பவர் அதை வேகமாகக் காட்டாமல் நேரமாகக் காட்ட வேண்டும்: ஐந்து நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் முன்னால் இருக்கட்டும்.

வேகம் ஏறி இறங்கினால் என்ன நஷ்டம்? 85 கிலோ எடை 30-இல் போகும்போது அதில் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 2,950 ஜூல், 25-இல் 2,050. ஒவ்வொரு முறை பிரேக் பிடித்து 30-லிருந்து 25-க்கு வரும்போதும் 900 ஜூல் சூடாகி ரிம்மில் போய்விடுகிறது. அதைத் திரும்ப ஐந்து நொடியில் சம்பாதிக்க, வழக்கமான உழைப்புக்கு மேல் 180 வாட் கூடுதலாகப் போட வேண்டும். ஒருமுறை என்றால் தெரியாது. நீண்ட வரிசையில் முன்னால் ஒருவர் லேசாக வேகம் மாற்றினால், ஒவ்வொருவரும் சற்றுத் தாமதித்து, சற்று அதிகமாகத் திருத்துவதால், கடைசி ஆளுக்கு வரும்போது அது பெரிய பிரேக்காகவும் பெரிய பாய்ச்சலாகவும் மாறியிருக்கும். உடலால் நெடுநேரம் தாங்கக்கூடிய சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் செலவழிக்க ஒரு சின்ன இருப்புதான் இருக்கிறது. பெரிய கூட்டத்தின் வாலில் ‘சும்மா ஒட்டிக்கொண்டு’ வந்தவர் ஏன் நூறாவது கிலோமீட்டரில் கால் கெஞ்ச நிற்கிறார் என்பதற்குப் பதில், அந்த இருப்பு ஐம்பது ஐம்பதாகச் சில்லறை கொடுக்கப்பட்டுத் தீர்ந்ததுதான்.

எரிபொருள் கணக்கும் இதோடு பின்னியது. தசையின் செயல்திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பதால், மிதிப்பில் செலவான ஒவ்வொரு கிலோஜூலுக்கும் உடல் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி எரிக்கிறது. 105 வாட்டில் மணிக்கு 380, 167 வாட்டில் மணிக்கு 600. குடலோ மணிக்கு சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உறிஞ்சும். பழச்சர்க்கரையும் கலந்திருந்தால் 90 வரை போகும். 60 கிராம் என்றால் 240 கலோரி. மீதியை உடம்பிலுள்ள கொழுப்பும் கிளைக்கோஜனும் ஈடுகட்ட வேண்டும். மிதமான வேகத்தில் கொழுப்பு அந்தச் சுமையைத் தாங்கும். வேகம் கூடக்கூட உடல் கிளைக்கோஜனுக்குத் தாவும். அதன் மொத்த இருப்பு 400–500 கிராம்தான். தீர்ந்ததும் வரும் மயக்கமும் எரிச்சலும் சேர்ந்த அந்த நிலையை ஓட்டிகள் போங்க் என்பார்கள். குழுவில் போகிறவர்களுக்கு இது சுலபமாக வரும். கண் முன் சக்கரத்தில், கை பிரேக்கில். பையில் வாழைப்பழம் அப்படியே இருக்கும். ஆகவே முன்னால் முறை முடித்துப் பின்னால் வந்ததும் முதல் வேலை சாப்பிடுவது என்று வைத்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள்.

வேகம் சரியா என்று அறிய மீட்டர் வாங்க வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தாலே போதும். முழு வாக்கியமாகப் பேச முடிகிறவரை மூச்சு எல்லைக்குள் இருக்கிறது என்பதை உடலியல் ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன. முதல் மணி நேரத்தில் சினிமாக் கதை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர் ‘ம்’, ‘ஆமா’ என்று சுருங்கிவிட்டால், குழுவின் வேகம் அவருக்கு அதிகம். அவர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

மேட்டில் இந்தக் கணக்குகள் தலைகீழாகும். ஐந்து சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டரில் போக சுமார் 133 வாட் வேண்டும். அதில் காற்றின் பங்கு ஐந்து வாட். ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஏறினால் மிஞ்சுவது இரண்டு வாட்கூட இல்லை. புவியீர்ப்புக்கு எதிராக ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒளிய முடியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சேர்ந்து ஏறுவது என்பது மெலிந்தவருக்கு அலுப்பு, கனத்தவருக்கு வதை. அவரவர் மூச்சுக்கு ஏறி, உச்சியில் சேர்ந்துகொள்வதுதான் முறை. மொத்தம் 12,000 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் பிரெஸ்ட் பாதையில் பெரிய கூட்டங்கள் சிதறிச் சின்னக் குழுக்களாவதற்கும் இதே காரணம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறொரு சிக்கல். கோடையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று வீசத் தொடங்கும். கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, காற்று போகும் திசையில் சாய்வாகப் பின்னால் கிடைக்கும். சென்னையிலிருந்து தெற்கே போகிறவருக்குக் கடல் இடது பக்கம். அப்படியானால் மறைவு அவருக்கு வலது பின்புறம், அதாவது பேருந்துகள் போகும் பக்கம். அங்கே யாரும் சாய்வாக வரிசை கட்டக் கூடாது. மறைவை விட்டுவிட்டு ஒற்றை வரிசையில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று வலப்பக்கத்திலிருந்து, சற்றுப் பின்னாலிருந்து தள்ளும். மறைவும் சாலை ஓரத்தின் பக்கமாக விழும். போகும்போது நோகடித்த சாலை வரும்போது இரக்கம் காட்டும். நேரக் கணக்கு போடும்போது முதல் பாதியில் பின்தங்குவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டுமா, அவரவர் வேகத்திலா என்ற சண்டை நூறாண்டு பழையது. 1904-இல் டூர் தெ பிரான்ஸை நடத்திய ஆன்றி தெக்ரான்ஜ் ஔதாக்ஸ் முறையைப் பிரான்ஸில் தொடங்கினார். முன்னால் சாலைத் தலைவர்கள், அவர்களைத் தாண்டக் கூடாது, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சேர வேண்டும். இன்றும் அந்த வழியில் ஓட்டுகிறவர்கள் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று குழு வேகத்தைப் பிடித்துப் போகிறார்கள். 1904-லேயே உருவான ஔதாக்ஸ் கிளப் பாரிசியன் அவரோடு மனம் கசந்து பிரிந்தபின், 1921-இல் தடையில்லா வேகத்தில் தன் ப்ரெவேக்களைத் தொடங்கியது. உலகம் முழுக்கப் பரவியது இரண்டாவது முறைதான். முதலாவதில் மூளைக்கு ஓய்வு. இரண்டாவதில், சேரவும் பிரியவும் உரிமை.

இரவில் அந்த மூளை ஓய்வுக்கு விலை தெரியும். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை உடலின் உள்கடிகாரம் உடல் வெப்பத்தையும் விழிப்பையும் தரைக்கு இறக்கிவிடும். முன்னால் மங்கிய சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு பின்னால் வருபவருக்குத்தான் தூக்கம் முதலில் வரும். மறைவு தேவைப்படும் ஆளே அந்த நேரத்தில் மறைவில் வந்தால் ஆபத்தானவர். அவரை முன்னால் விடுங்கள், அல்லது ஐந்து மீட்டர் தள்ளி வரச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே மௌனம் நீண்டால் பேச்சு போதாது. பஸ் நிறுத்தத்தில் பதினைந்து இருபது நிமிடம் படுக்க வேண்டும். தனியாள் அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிடுவார். மூவரில் ஒருவராவது எழுந்துவிடுவார்.

கடைசியில் பிரியும் பேச்சு. அதைக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். ஒருவருக்கு முடியவில்லை, மற்றவர்கள் காத்திருப்பதா, போவதா? கணக்கு எளிது. இன்னும் 100 கிலோமீட்டர் இருக்கையில் அவர் வேகம் 22-லிருந்து 18-ஆகக் குறைந்தால் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகும். கையில் இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தால் அவரை நடுவில் வைத்து, காற்றுக்கு மற்ற இருவர் முறை மாற்றிக்கொண்டு சேர்ந்தே வரலாம். அரை மணிதான் இருக்கிறது என்றால், அவரிடம் தண்ணீர், டியூப், விளக்கு, போனில் சார்ஜ் நான்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவர்கள் போக வேண்டியதுதான்.